உங்கள் இரைச்சலுக்கு நான் சொன்ன சாட்சி

மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் சிங்களப் பிள்ளைக்கு ஊர் வில்கமுவ. அந்தப் பக்கம் பஸ் கிடைப்பது பெரும்பாடு என்பதால், போயா என்னும் பௌர்ணமி விடுமுறை வந்தாலும் பல தடவை மாத்தளையிலேயே தங்கிவிடுவாள். நேற்றும் அப்படித்தான். மத்தியானம் கொஞ்சம் பலாக்காய்க் கறி கொடுத்துவிட்டு வரலாம் என்று படியேறினேன். பாதிப் படியில் அது என் காதில் விழுந்தது. ஒரே சத்தம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வார்த்தை இல்லை, தாளம் இல்லை. பாத்திரத்தை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கதவைத் திறந்து பார்த்துப் பதறிப்போனாள். "என்ன அன்ட்டி, தல சுத்துதா?"

"இல்ல மகள். அது என்ன சத்தம்?"

"இதுவா? மியூசிக் அன்ட்டி. எலக்ட்ரானிக் மியூசிக். பேங்க்ல யார்கிட்டயாவது ஏச்சு வாங்கிட்டு வந்தா இதப் போட்டுக்குவேன். மனசு அடங்கிரும்." போனை எடுத்துக் காட்டினாள். திரையில் பனி மூடிய மலை ஒன்று அசையாமல் நின்றது. பத்து மணி நேரம் தொடர்ந்து ஓடுமாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் கேட்கிறார்களாம்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதே சத்தத்துக்காக ஒரு மனுஷனை அடித்தார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்? அவள் பிறக்கும் முன்னே நடந்த காரியம். கறியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன். வந்ததிலிருந்து மனம் அடங்கவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். செத்துப்போனவருக்கு மடல் எழுதுகிறாள் கிழவி என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் கல்யாணமாகி எல்கடுவைக்கு வந்தபோது நீங்கள் தோட்டத்துத் தேயிலை இஸ்டோரில் வயர்மேன். கொழுந்து வாட்டும் மாடியின் காற்றாடிகளும் அரைக்கும் எந்திரங்களும் உங்கள் பொறுப்பு. இஸ்டோருக்குப் பின்னால் நமக்கு இரண்டு காம்பரா வீடு. அந்த வீட்டில் சட்டிபானை குறைவு. ஆனால் ஒரு ரெக்கோட் பெட்டி இருந்தது. அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, பழுதாகிக் கிடக்கிறது என்று அதை உங்களிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். கூடவே ஒரு கட்டுப் பாட்டுத்தட்டுகள். எந்திரத்தை நீங்கள் ஒரே நாளில் சரிப்படுத்திவிட்டீர்களாம். தட்டுகளில் வாத்திய இசை இருந்தது, ஆட்டத்துக்கான பாட்டு இருந்தது. ஒன்றில் மட்டும் எதுவுமே இல்லை என்று நான் நினைத்தேன். அட்டையில் ஒரு மனுஷ முகம்கூடக் கிடையாது. போட்டால் ஒரே சத்தம் நீண்டுகொண்டே போகும்.

"ஏங்க, தட்டு கெட்டுப்போச்சு. ஊசி ஒரே எடத்துல நிக்குது."

"நிக்கல. நல்லாப் பாரு, நகருது."

"அப்ப பாட்டு எப்ப வரும்?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

புதுப்பெண் என்றும் பார்க்காமல் அன்றைக்கு உங்களை நன்றாக ஏசினேன். எனக்கு ரேடியோவில் சினிமாப் பாட்டுக் கேட்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் அந்தத் தட்டைப் போடுவீர்கள். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சாமியார் கணக்காக உட்கார்ந்திருப்பீர்கள். மாட்டு மந்தைக்குள் குடித்தனம் நடத்தினாலும் இதைவிட நிம்மதியாக இருக்கலாம் என்பேன். நீங்கள் கோபப்பட்டதே இல்லை. "கொழுந்து வாடுறத யாராவது பாத்திருக்காங்களா? வாடினப்புறம்தான் தெரியும். இதும் அப்படித்தான். மாறுறது தெரியாது, மாறினது தெரியும்" என்று சொன்னீர்கள். அது என் தலையில் அப்போது ஏறவில்லை.

பிறகு அந்த ஆடி மாதம் வந்தது. டவுன் எரிகிறது என்ற சேதி முதலில் வந்தது. சேதிக்குப் பின்னாலேயே, தமிழர் வீடுகளைக் கொளுத்த லொறியில் ஆட்களும் வந்தார்கள். உடுத்த துணியோடு மேல் மலைக் காட்டுக்குள் ஓடினோம். திரும்பி வந்தபோது சமையல்கட்டுக்குக் கூரை இருந்தது, முன் காம்பராவுக்கு இல்லை. என் கல்யாணச் சேலை கரியாகக் கிடந்தது. அந்தத் தட்டு சுட்ட அப்பளம் மாதிரி நெளிந்து போயிருந்தது. நீங்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மனுஷன் சேலையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கிறார்.

"இனி நாமளேதான் செஞ்சுக்கணும்" என்றீர்கள். வீட்டைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

வீட்டையும் கட்டினீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கூரைத் தகரம் ஏறிய கையோடு, உடைந்த ரேடியோக்களின் உறுப்புகளை ஒரு மரப்பெட்டிக்குள் பூட்ட ஆரம்பித்தீர்கள். மூன்று திருகிகள், ஒரு சுவிட்ச், ஒரு சின்ன ஸ்பீக்கர். திருகியைத் திருப்பினால் அது தானாகவே சுதி பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு எங்கெங்கோ சொல்லிவைத்து, நாடா சுற்றும் பழைய ரெக்கார்டர் இரண்டு கொண்டு வந்தீர்கள். ஒன்றை முன் காம்பராவில் வைத்தீர்கள், மற்றதைச் சமையல்கட்டில். ஒரே நாடா ஒன்றிலிருந்து மற்றதுக்கு வாசற்படியைத் தாண்டிப் போகும். முதலாவது பதிவதை இரண்டாவது கொஞ்சம் பிந்தித் திருப்பிச் சொல்லும். சொன்னது மறுபடி பதிவாகும். அப்படியே சத்தத்தின் மேல் சத்தமாகப் படிந்துகொண்டு போகும். இதெல்லாம் நீங்கள் விளக்கியது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு அந்த நாடாவுக்குக் கீழே குனிந்து போக வேண்டும் என்பதுதான். முதுகு வலிக்க வலிக்கக் குனிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது நினைவிருக்கிறதா? இஸ்டோர் காற்றாடிகளின் இரைச்சலைப் பதிந்து கொண்டுவந்து, பெட்டியின் சுதியோடு சேர்த்துப் பெரிய ஸ்பீக்கரில் விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் டீ மேக்கர், இஸ்டோர் முழுவதற்கும் அதிகாரி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடி வந்தார். லீவு நாளில் எவனோ காற்றாடியை ஓடவிட்டுப் போய்விட்டான் என்று மனுஷனுக்குப் பயம். தொழிலாளர் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் கூடையோடு வெளியிலேயே வந்துவிட்டார்கள். "இன்னைக்குப் பேரு போடுறாங்களா?" என்று, ஞாயிற்றுக்கிழமையும் வேலை கொடுக்கிறார்களோ என்று கேட்டார்கள். நீங்கள் வெட்கப்பட்டு நின்றீர்கள். ஆனால் அன்று முழுக்க உங்களுக்குச் சந்தோஷம். நான் வேலை செய்த பிள்ளை மடுவத்துக்கும் ஒரு நாள் பெட்டியைத் தூக்கி வந்தீர்கள். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போன கைக்குழந்தைகள் ஒன்றை ஒன்று பார்த்து அலறிக்கொண்டிருந்தன. நீங்கள் சுவிட்சைப் போட்டுத் திருகியை மெதுவாக இறக்கினீர்கள். ஒவ்வொன்றாகத் தூங்கிவிட்டன. "பாத்தியா, கேக்கத் தெரிஞ்சவங்க" என்று என்னிடம் சொன்னீர்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நாடா தேய்கிறது, கசட்டில் ஏற்றியதையாவது இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று டவுனுக்குப் புறப்பட்டீர்கள். டவுனில் கசட் பதிந்து கொடுக்கும் கடைக்காரருக்குக் காட்டுவதற்காகப் பெட்டியையும் எடுத்துப் போனீர்கள். வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். வடக்கில் சண்டை பற்றி எரிந்துகொண்டிருந்த காலம். தமிழனின் பையில் சவர்க்காரத் துண்டு இருந்தாலும் முகர்ந்து பார்ப்பார்கள். உங்கள் பையில் வயர், திருகி, சுவிட்ச். போதாததற்கு, போட்டால் ஹூம் என்று சத்தம் மட்டும் வரும் ஒரு கசட். உங்களைப் பிடித்துக்கொண்டு போனதை, பஸ் கண்டக்டர் திரும்பி வரும்போது இறங்கி வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தோட்டத்து யூனியன் தலைவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். எந்த ஊர்ப் பொலிஸ் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. உள்ளே போகும்போதே உங்கள் சத்தம் கேட்டது. கசட் ஓடிக்கொண்டிருந்தது. முந்திய நாளிலிருந்து ஓடுகிறதாம். முன்பக்கம் கேட்டிருக்கிறார்கள், பின்பக்கம் கேட்டிருக்கிறார்கள். வேகமாக ஓட்டியும் மெதுவாக ஓட்டியும் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ரகசியச் சேதி இருக்கிறதாம். உங்கள் இசையை அவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான்.

நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தூக்கமில்லை. சிங்களத்தில் என்னிடம் கேட்டார். "ஒன் புருஷன் இது பாட்டுன்னு சொல்றான். நீ சொல்லு. இது பாட்டா?"

தலைவர் என் முழங்கையில் இடித்தார். ஆமாம் என்று சொல் என்பது அதற்கு அர்த்தம். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த இரைச்சல் அங்கேயும் என் தலையைக் குடைந்துகொண்டிருந்தது. இவ்வளவு வருஷம் அடக்கி வைத்தது அப்படியே வந்துவிட்டது.

"அவருக்குத்தான் அது பாட்டு, மாத்தயா. எனக்கு அது எழவுச் சத்தம். கல்யாணம் பண்ணி வந்த நாள்ல இருந்து ஒரு சினிமாப் பாட்டு முழுசா கேட்டதில்ல. சமயக்கட்டுல நாடா கட்டி வச்சிருக்காரு, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடியுது. சொன்னாக் கேக்கிறாரா? கண்ண மூடிக்கிட்டுக் குந்தியிருப்பாரு. சேதியாம் சேதி! அவருக்கு ஒரு சேதி ஒழுங்காச் சொல்லத் தெரிஞ்சா நான் எதுக்கு இப்படிக் கத்துறேன்?"

எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அதில் தீர்ந்துபோனது. தலைவர் தரையைப் பார்த்தபடி நின்றார். கதவோரம் நின்ற சார்ஜன்ட் குபீரென்று சிரித்துவிட்டார். "சேர், பொண்டாட்டி இந்த மாதிரி ஏசுறான்னா அவன் பொய் சொல்லல. எங்க வீட்டுலயும் நான் மீன் பிடிக்கப் போனா இதே பேச்சுத்தான்" என்றார். ஓ.ஐ.சி. சிரிக்கவில்லை. ஆனால் கசட்டை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "கொண்டா அவன. இங்க என் முன்னால செஞ்சு காட்டட்டும்" என்றார்.

உங்களைக் கொண்டு வந்தார்கள். ஒரு பக்கத்து முகம் உங்கள் முகமாக இல்லை. காதுக்குக் கீழே இரத்தம் காய்ந்து சட்டைக் கொலரோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தீர்கள். பெட்டியை மேசை மேல் வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். உங்கள் விரல்கள் திருகியைத் தேடிப் பிடித்தன.

பெரிய மனுஷர்கள் முன்னால் நீங்கள் நடத்திய கச்சேரி அது ஒன்றுதான். கேட்டவர்கள் ஒரு ஓ.ஐ.சி., ஒரு சார்ஜன்ட், இரண்டு பொலிஸ்காரர், யூனியன் தலைவர், நான். அன்றைக்குத்தான் நானும் முழுதாகக் கேட்டேன். கேட்காமல் வேறு என்ன செய்வது, உங்கள் உயிர் அதில் அல்லவா இருந்தது. ஒரு சுதியை நிறுத்தி, அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து உரச விட்டீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குப் பயமாக இருந்தது.

ஓ.ஐ.சி. கையை அசைத்தார். "ஹரி, எத்தி" என்றார். சரி, போதும் என்று. நீங்கள் நிறுத்தவில்லை. கண்ணை மூடியிருந்தீர்கள். மறுபடி சொன்னார். நிறுத்தவில்லை. மூன்றாம் தரம் மேசையைத் தட்டிக் கத்தினார். நீங்கள் திருகியை இன்னும் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். சார்ஜன்ட்டின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. கை ஓங்கி உங்கள் பக்கம் வந்தார். நான் ஓடிப்போய் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். என் முகத்தை அல்ல, உதட்டைப் பார்த்தீர்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மாத்தயா, அவருக்குக் காது கேக்கல" என்று சொன்னேன். ஓ.ஐ.சி. சார்ஜன்ட்டைக் கையால் தடுத்துவிட்டு, "கூட்டிட்டுப் போ" என்றார். பெட்டியைத் தந்தார்கள். கசட்டின் நாடாவை உருவி எடுத்திருந்தார்கள், வெறும் கூட்டைத் தந்தார்கள். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் உங்களை ஏசிக்கொண்டே வந்தேன். அழுதால் நடக்க முடியாது, அதனால் ஏசினேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்த பிறகுதான், செத்துப்போன காதின் பக்கம் நின்று இவ்வளவும் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். வலது காதுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. இடது காது கொஞ்சம் கேட்கும், ஆனால் அதற்குள் ஒரு சத்தம் இருக்கும், அது நிற்காது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். நீங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள். ரெக்கார்டர்களைத் துணியால் மூடி வைத்தீர்கள். சமையல்கட்டில் நான் நிமிர்ந்து நடந்தேன். அந்த நிமிர்வு எனக்கு வேண்டியிருக்கவில்லை. "ஏங்க, எதாவது போடுங்களேன்" என்று நானே கேட்டேன். "எது வெளிய கேக்குது, எது உள்ள கேக்குதுன்னு எனக்கே தெரியலயே. எப்படிச் செய்வேன்?" என்றீர்கள்.

பல மாதம் கழித்து, வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அது என்ன மாதிரிச் சத்தம்ங்க? உள்ள கேக்கிறது?" பெட்டியை எடுத்து வைத்து, தலையைச் சாய்த்து, திருகியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினீர்கள். கூர்மையாக, மெல்லிய கம்பி மாதிரி ஒரு சத்தம் வந்தது. "இதுதான். இப்ப ஒனக்கும் கேக்குது" என்றீர்கள். என் பல் கூசியது. இதோடு ஒரு மனுஷன் சாப்பிடுகிறார், இதோடு தூங்குகிறார். உங்களுக்குப் பதிலாக அதைக் கொஞ்சமாவது நான் கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முடியாமல் நானே சுவிட்சை அணைத்தேன்.

உங்கள் முகம் மாறியது. என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். "நின்னுருச்சு" என்றீர்கள். "என்ன நின்னுருச்சு?" என்றேன். "தலைக்குள்ள. நின்னுருச்சு. எதாவது பேசு. சீக்கிரம் பேசு."

"பருப்பு தீயுது" என்றேன். நிஜமாகவே தீய்ந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் சிரித்தீர்கள். பொலிஸ் நிலையத்துக்குப் பிறகு முதல் தரம் சிரித்தீர்கள். நாலைந்து மூச்சு விடும் நேரம்தான். "வந்துருச்சு" என்று தலையைத் தொங்கப் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு அதுவே நம் குடித்தனமாகிவிட்டது. சாயந்திரத்தில் உங்கள் இடது பக்கம் உட்கார்ந்து நான் பெட்டியைப் போடுவேன். அந்தச் சத்தத்தில் இருவரும் கொஞ்ச நேரம் நனைவோம். நீங்கள் கண் காட்டியதும் அணைப்பேன். அந்த நாலைந்து மூச்சுக்குள் நான் சொல்வது மட்டும் உங்களுக்கு முன்போலச் சுத்தமாகக் கேட்கும். நாள் முழுக்கப் பிள்ளை மடுவத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, இன்றைக்கு எதைச் சொல்வது என்று யோசிப்பேன். பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. மாரியாயியின் ஆடு குட்டி போட்டிருக்கிறது. கீழ் லயத்தில் தண்ணீர் வரவில்லை. டீ மேக்கர் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். நமக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் ஊர்ப் பிள்ளைகளின் பல் முளைத்த கதையெல்லாம் சொன்னேன். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு சின்ன நேரத்தை அதற்குப் போய் யார் செலவழிப்பார்?

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு மாத்தளைக்கு வந்தோம். உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டி இளைப்பு முற்றியது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சண்டை முடியப் போகிறது என்று பக்கத்து வீட்டு ரேடியோ பகல் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு பின்னேரம் நீங்கள் பெட்டியைக் கண்ணால் காட்டினீர்கள். திருகி எங்கே நிற்க வேண்டும் என்று என் விரலுக்கே தெரியும். வழக்கத்தைவிட நிறைய நேரம் ஓடவிட்டீர்கள். பிறகு இமையை மூடித் திறந்தீர்கள். அணைத்தேன்.

வானம் கறுத்திருந்தது. "மழ வரப்போகுது. துணி எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்" என்றேன். அதுதான் நான் சொன்னது. நீங்கள் லேசாகத் தலையசைத்தீர்கள்.

பின்வாசல் கொடியில் மூன்று துணிதான் இருந்தன. எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நீங்கள் போயிருந்தீர்கள்.

இத்தனை வருஷமாக நான் சுமந்துகொண்டு திரிவது இது ஒன்றைத்தான். முதலில் உங்கள் சாரத்தை எடுத்தேன். பிறகு தலையணை உறை. கடைசியில் என் சேலை. அது கம்பியில் சிக்கிக்கொண்டது, இழுத்துக்கொண்டு நின்றேன். சாரத்தை எடுக்கும்போது போயிருந்தால் உங்கள் தலைக்குள் அந்தச் சத்தம் இருந்திருக்காது. தலையணை உறைக்கும் பாதகமில்லை என்று நினைக்கிறேன். சேலையில் நான் சிக்கி நின்ற நேரத்துக்குள் அது திரும்பி வந்திருக்கும். நீங்கள் எந்தத் துணியில் போனீர்கள்?